அரை நட்சத்திரம்

பதினொரு வருசம் கழித்து
சிவப்பு பில் குழுவின் புது அல்பம்.
கரண்ட் காசு கட்டாதவன் வீட்டுக்கு வரும்
அந்தக் கடைசி நோட்டீஸின் பெயரைத்தான்
தொண்ணூற்றேழில் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள்,
கொட்டாஞ்சேனையில், உண்மையாகவே இருட்டில் நின்று.

வெள்ளிக்குள் முந்நூற்றைம்பது சொல் வேண்டும் என்றார் ஆசிரியர்.
தலைப்புக்குப் பக்கத்தில் நட்சத்திரமும்.

எனக்கு முன்பே மற்றவர்கள் எழுதிவிட்டார்கள்.
ஆங்கிலப் பத்திரிகை 'முதிர்ச்சி' என்றது.
ஒரு ரொக் குழுவை அதைவிடக் கேவலமாய்த் திட்ட முடியாது.
சிங்களப் பத்திரிகை விற்றுமுடிந்த டிக்கெட்டுகளை எண்ணியது.
எங்கள் தமிழ்த் தினசரி ஒன்று
வேறு யாரோ நான்கு பேரின் படத்தைப் போட்டு
கலியாண வாழ்த்துப்போல் வாழ்த்தியது.

நான்காவது பாட்டைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.
கிட்டாரே இல்லாத முதல் இரண்டு நிமிடம்.
அடியில் ஓர் ஒற்றைச் சுருதி,
அறுபடாமல், சற்றே தள்ளாடி.
ஒருவர் அதைத் தம்புரா என்றார்.
ஒருவர் போருக்குப் பிந்திய மௌனத்தின் உறுமல் என்றார்.
இன்னொருவர் பெர்லினில் யாரோ செய்ததன் நகல் என்று
பெர்லினுக்குப் போகாமலே கண்டுபிடித்தார்.

நான் வெள்ளவத்தையில், ஐந்தாம் மாடியில்,
ஹெட்போனோடு மூன்று இரவு கேட்டேன்.
மூன்றாம் இரவு லைட் போனது.
கீழே காவலாளி பழைய ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டினார்.
ஹெட்போனைக் கழற்றினேன்.
பாட்டு நிற்கவில்லை.

அதே சுருதி.
எண்ணெய் குறையக் குறைய
அரைச் சுரம் கீழே வழுக்குகிற அதே தள்ளாட்டம்.
உறையைத் திருப்பிப் பார்த்தேன், போன் வெளிச்சத்தில்.
மூலையில், எறும்பு எழுத்தில்:
'தெஹிவளை காராஜுக்கு, டெரன்ஸின் அக்காவுக்கு நன்றி.'
ஸ்டூடியோவுக்குக் காசில்லை. மின்வெட்டு நேரத்தில் பதிந்திருக்கிறார்கள்.
கூர்ந்து கேட்டால்
டீசல் வரிசையில் நின்ற களைப்பும் டிரம்ஸில் கேட்கும்
என்று எழுதி, அழித்தேன்.
அது என்னுடைய பெர்லின்.

இதையும் சொல்லிவிட வேண்டும்.
அவர்களின் இரண்டாவது அல்பத்துக்கு,
எனக்கு இருபத்துநாலு வயதில்,
டிரம்ஸ்காரருக்கு மட்டும் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம்
என்று எழுதினேன். ஊர் சிரித்தது.
டெரன்ஸ் வன்டோர்ட் உண்மையிலேயே கடைசி பஸ்ஸில்தான் போவாராம்.
அதைத் தவறவிட்டால்
ஒவ்வொரு சாவடியிலும் டிரம் பைகளை அவிழ்த்துக் காட்ட வேண்டும்.
எனக்கு இது தெரியப் பத்து வருசம் எடுத்தது.

இப்போது அவருடைய அடி பிந்துகிறது,
ஒரு மயிரிழை.
வயதா, வேண்டுமென்றா, தெரியவில்லை.
ஆறாவது பாட்டு அதனால்தான் நன்றாக இருக்கிறது;
ஏழும் எட்டும் அதனாலேயே கெட்டுப்போகின்றன.
அன்ரனின் குரல் உயரம் ஏறித் தடுமாறும் இடத்தில்
துவான் ஜிஃப்ரியின் பேஸ் கிட்டார் ஏணியைப் பிடிக்கிறது,
ஒன்றும் தெரியாத முகத்தோடு.
ஒன்பதாவது பாட்டை யாராவது தடுத்திருக்கலாம்.

இவ்வளவையும் எழுதினேன்.
ஜெனரேட்டரையும் எழுதினேன்.
இரண்டரை நட்சத்திரம் போட்டேன்.

சனி இரவு பத்தரைக்கு, பக்கம் அமைக்கிற ஹில்மி கோல் எடுத்தான்.
அக்கா, எங்கட எழுத்துருவில அரை நட்சத்திரம் இல்ல.
மேலயா, கீழயா?
பின்னால் அச்சு இயந்திரம் சூடாகிற சத்தம்.
இருபத்திரண்டு வருசமாக அபிப்பிராயம் விற்றுச் சாப்பிடுகிறவள்
உன் விருப்பம் என்று வைத்தேன்.

ஞாயிறு மூன்று வந்தது.
அவனுக்கு ஒன்பதாவது பாட்டுப் பிடிக்குமாம்.

மத்தியானம் டெரன்ஸிடமிருந்து ஒரு செய்தி.
இதுதான் முதல் தடவை.
'மூன்றா? இரண்டுதான் வரும் என்று ஜிஃப்ரியிடம் பந்தயம் கட்டினேன்.
இரண்டு கொத்து ரொட்டி நட்டம்.
ஜெனரேட்டர் அக்காவுடையது இல்லை, வாடகைக்கு எடுத்தது.
மற்றதெல்லாம் சரி.'